கொடுங்கையூருக்கு அனுப்பட்டுமா?

தம்பி, இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. நீ படித்த பிறகு பவித்ரா படிக்கலாம், உன் நைனா படிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நேரில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வாக்கியம் போவதற்குள் நீ "சரி வுடும்மா" என்கிறாய். அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவள் போல நானும் விட்டுவிடுகிறேன். இன்னும் சில நாளில் உனக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம். பத்திரிகையில், பெண் வீட்டு முகவரியில், கொடுங்கையூர் என்று இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்தில் இருக்கிற பெரம்பூர் என்று அச்சாகியிருக்கிறது. சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிற மனிதர் என்று பவித்ராவின் அப்பாவைப் பற்றி நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பெயரைப் போடச் சொன்னது அவர் இல்லை, நான். இதைச் சொல்லாமல் உன் கல்யாணத்தில் அம்மாவாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எப்படி நடந்தது என்று சொல்ல, நம் வீட்டுச் சின்னக் கணினியிலிருந்து தொடங்க வேண்டும். நீ கல்லூரியில் படிக்கும்போது ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய நெட்புக். மூடினால் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். உனக்கு வேலை கிடைத்து வேறு கணினி வந்ததும் அது பீரோ மேல் ஏறிவிட்டது. டியூஷன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடிக்கவும் கதை படித்துக் காட்டவும் நான் அதைக் கீழே இறக்கினேன். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உன் நைனா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். எந்த இயந்திரத்தையும் காதால் எடைபோடுகிறவர். ஒரு நாள் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுக்கு மூச்சு முட்டுது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்றார். ஞாயிற்றுக்கிழமை நீ அதன் முதுகைக் கழற்றினாய். விசிறி இருந்த இடத்தில் கறுப்பாகத் தூள் அடைத்துக்கொண்டிருந்தது. "இன்னாம்மா இது, கப்பல்ல வர்ற கரி மொத்தமும் இதுக்குள்ளதான் கீது" என்று சொல்லிக்கொண்டே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாய். நம் வீட்டு ஜன்னல் கம்பியைத் துடைத்தாலும் துணி அப்படித்தான் கறுக்கும். அதைப் பார்த்துப் பழகியதால் நமக்கு அது அழுக்காகவே தெரிவதில்லை. இந்த வரியை இப்போதுதான் என்னால் எழுத முடிகிறது. அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

சுத்தம் செய்தும் வேகம் வரவில்லை. "உள்ள போட்டிருக்கிற சிஸ்டம் இதுக்கு ஓவர் வெயிட்டு. லினக்ஸ் போட்டா ஓடும். லீவு கெடச்சா வந்து போட்டுத் தரேன்" என்றாய். நானே போடுகிறேன் என்றேன். நீ சிரித்தாய். ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன அந்தப் பெண் எனக்குள் இன்னும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தெரியாத சொல் காதில் விழுந்தால் அவளுக்குக் கை தூக்கித்தான் ஆக வேண்டும். கிளை நூலகத்தில் கணினிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துக் குறித்துப் படித்தேன். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற நான். நீ அலுவலகத்தில் ஒரு பென்டிரைவில் எடை குறைந்த லினக்ஸை ஏற்றி அனுப்பினாய். தொடங்கும்போதே ஒரு விசையைத் தட்டி, பென்டிரைவிலிருந்து கிளம்பச் சொல்ல வேண்டும். அந்த நொடியைப் பிடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு உனக்குப் போன் செய்தேன். நீ வேலை செய்கிற கன்டெய்னர் யார்டில் இருந்தாய்.

"அடுத்துன்னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்கும்மா."

"இல்லப்பா."

"கீதும்மா, நல்லா பாரு."

"கண்ணாடி போட்டுதான் பாக்கறேன். எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்ல."

ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. பிறகு உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்க்ரீனு குட்டி, ஜன்னலு பெருசும்மா. பட்டன் கீய மாட்டிக்கினு கீது. ஆல்ட் பட்டன புட்ச்சிக்கினு ஜன்னல மேல இஸ்து வுடு." இழுத்தேன். இத்தனை நேரம் திரைக்குக் கீழே ஒளிந்திருந்த 'அடுத்து' மெதுவாக மேலே வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், முதன்முதலில் நூலக அட்டை கைக்கு வந்தபோது வந்த சந்தோஷம் போல இருந்தது.

அதே மத்தியானம்தான் முட்டாள்தனமும் செய்தேன். பாதி நிறுவியபோது நீலக் கோடு நகராமல் நின்றது. கெடுத்துவிட்டேனோ என்று பயம். உன்னைக் கேட்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். பொறுத்திருந்தால் தானாகவே முடிந்திருக்கும். மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. நீ திட்டவில்லை. "பயந்தா கையக் கட்டிக்கினு ஒக்காரும்மா. நீ பயந்துகினு எதுனா ஒண்ணு செய்வ பாரு, அதான் பேஜாரு" என்றாய். கணினிக்குச் சொன்னதாக மட்டும் அதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு மெல்ல மெல்லச் சரியாயிற்று. வைஃபை பிடிக்கவில்லை, போனையே ஒயரால் மாட்டி இணையம் கொடுத்து, வேண்டியதை இறக்கினோம். தமிழ் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. எழுத்துரு போட்டதும் கட்டங்கள் 'அ', 'ஆ' என்று கண் திறந்தன. தொடங்கும்போதே தானாக ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும் வேண்டாத நிரல்களை நீ ஒவ்வொன்றாக நிறுத்தக் கற்றுக்கொடுத்தாய். பெரிய உலாவியை எடுத்துவிட்டுச் சிறியதைப் போட்டோம். ஒரே நேரத்தில் நாலைந்து பக்கங்களைத் திறந்து வைக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். கடைசியில், பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அது எனக்காகத் தயாராக நின்றது. உன் நைனா மறுபடி காதை வைத்துக் கேட்டார். "இப்போ நல்லா மூச்சு வுடுது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். திரையில் வரும் சொற்கள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தன. ஒவ்வொரு சொல்லும் ஒரு கோப்பில் இருக்கிறது, மேலே ஆங்கிலம், கீழே தமிழ், கீழே இருப்பதை நாமே மாற்றலாம் என்று நீ காட்டினாய். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு விட்டுப்போன சொற்களையெல்லாம் நிரப்பினேன். அழிக்கிற கோப்பு போய்ச் சேரும் இடத்துக்குக் குப்பைத்தொட்டி என்று ஏற்கெனவே நல்ல தமிழில் பெயர் இருந்தது. உன் நைனா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஏரியா மெஷினுக்கு இன்னா தொட்டி? மெட்ராஸ் குப்ப மொத்தமும் எங்க போவுது? கொடுங்கையூருக்கு. அத்தப் போடு" என்றார். சொன்னது அவர். அடித்தது நான். அடித்ததோடு விடவில்லை, மெருகும் ஏற்றினேன். எதையாவது அழிக்கப் போனால், 'மெய்யாலுமே கொடுங்கையூருக்கு அனுப்பட்டுமா?' என்று ஒரு பெட்டி வரும். கீழே 'ஆமா', 'வோணாம்' என்று இரண்டு பொத்தான்கள். டியூஷன் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெட்டியைப் பார்ப்பதற்காகவே கோப்புகளை உருவாக்கி உருவாக்கி அழித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் எழுதிய ஒன்றைப் படித்து இத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன்.

பிறகு நீ பவித்ராவைப் பற்றிச் சொன்னாய். உன் யார்டிலேயே கணக்குப் பிரிவில் வேலை, அம்மா இல்லை, அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், வீடு கொடுங்கையூர். நான் தலையாட்டினேன். என்ன படித்திருக்கிறாள், புத்தகம் படிப்பாளா என்று கேட்டேன். அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குக் கணினி ஞாபகம் வரவில்லை. தினமும் பார்க்கிற சொல் கண்ணில் படாமல் போய்விடுகிறது. கணினியில் அது ஒரு வேடிக்கை. உன் வாயில் அது ஒரு பெண்ணின் வீடு. இரண்டும் ஒரே பெயர் என்பது, எழுத்தையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு அவமானம்.

பவித்ராவும் அவள் அப்பாவும் நம் வீட்டுக்கு வந்த அன்று நீ கூல்டிரிங்ஸ் வாங்கக் கடைக்குப் போனாய். திரும்பி வருவதற்குள் நடந்தது உனக்குத் தெரியாது. பத்திரிகை வாசகத்தை இப்போதே அடித்துவிடலாம் என்று நான்தான் நெட்புக்கை எடுத்து வந்தேன். உண்மையில், அது எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று காட்ட ஆசை. பவித்ரா நிஜமாகவே அசந்துபோனாள். "நீங்களே போட்டீங்களா அத்த? எங்க ஆபீஸ் சிஸ்டமே இப்டி ஓடாது" என்றாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் அப்பா முகவரி சொன்னார். "கொடுங்கையூர்னு போடுங்கம்மா" என்று தெளிவாகத்தான் சொன்னார். அடித்தேன். அவசரத்தில் அதே கோப்பை இரண்டு தடவை சேமித்துவிட்டேன். "ஒண்ண நான் எடுத்துடறேன் அத்த" என்று பவித்ரா கை நீட்டி அழிக்கும் விசையைத் தட்டினாள்.

பெட்டி வந்தது.

அவள் அதைப் படித்தாள். அவள் அப்பா, "இன்னா கேக்குது?" என்றார். "ஒண்ணும் இல்லப்பா. அழிக்கவான்னு கேக்குது" என்று சொல்லிவிட்டு அவள் 'வோணாம்' என்ற பொத்தானை அமுக்கினாள். ஆனால் அவர் கண் அதற்குள் திரைக்கு வந்து, படித்து, தரைக்குப் போய்விட்டது. உன் நைனா எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்சை நிறுத்தி மறுபடி போட்டார்.

அப்போது நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது, தப்பு பண்ணிட்டேன் என்று இரண்டே சொல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது. "அண்ணா, அட்ரஸ்ல பெரம்பூர்னே போட்டுடலாமா? வர்றவங்களுக்கு வழி சுலபமா தெரியும்" என்றேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன், தம்பி. பத்திரிகையில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் நம் ஆட்கள் யாரும் அவள் காதில் விழும்படி சிரிக்க மாட்டார்களே என்று. சிரித்தவள் நான். ஊரை மறைக்க வேண்டியவர்கள் அவர்களா? வாயிலிருந்து வந்த பிறகுதான் முன்னதைவிட இது மோசம் என்று எனக்கே கேட்டது. முன்னது தெரியாமல் செய்தது. இது அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. அவர், "உங்க இஷ்டம்மா" என்றார்.

நீ வந்தாய். பாட்டிலைத் திறந்துகொண்டே திரையைப் பார்த்து, "பெரம்பூர்னு யாரு போட்டது?" என்றாய். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர், "நாந்தாம்பா சொன்னேன். பஸ்ஸு எறங்கி வர்றவங்களுக்குத் தோதா இருக்கும்ல" என்றார். "ஊர் பேரச் சொல்ல வெக்கமா மாமா உங்களுக்கு?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், ஆனால் உன் கண் சிரிக்கவில்லை. அவர் சிரித்து வைத்தார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு டம்ளர் எடுக்க உள்ளே போனேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை "மூலக்கட, கொடுங்கையூர், கொடுங்கையூர்" என்று கூவி ஆள் ஏற்றுகிற மனிதர் அவர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் பவித்ராவைப் படிக்க வைத்தார். அவருக்கா கூச்சம்?

அவர்கள் போனதும் கோப்பைத் திறந்து, குப்பைத்தொட்டி என்று பழையபடி மாற்றிவிட்டேன். அது சுலபம். பத்திரிகையை நீ அச்சகத்துக்குக் கொண்டுபோனபோதுகூட வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். நீ ஏறிய ஆட்டோ போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரம்பூர் என்ற சொல் எனக்கு அத்தனை சீக்கிரம் எப்படி வந்தது என்று நிறைய யோசித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். இஸ்திரி போட்ட சட்டை, புது ரிப்பன், எழுதுவதற்கு இரண்டு பேனா. பக்கத்தில் உட்கார்ந்த பெண் மிகவும் நல்ல மாதிரியாக, "நீ எங்கேர்ந்து வர்றே?" என்று கேட்டாள். நான் எண்ணூரில் பிறந்து வளர்ந்தவள். "பாரிஸ் கார்னர் பக்கம்" என்றேன். அவள் சிரித்திருக்க மாட்டாள். சிரிப்பாளோ என்று நானாக நினைத்துக்கொண்டு, என் வீட்டை அங்கேயே தூக்கிப் போட்டேன். கட்டுரைத் தலைப்பு வாய்மை. பரிசும் கொடுத்தார்கள். அன்று எனக்காகச் சொன்ன பொய்யை இத்தனை வருஷம் கழித்து இன்னொருவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

போன வாரம் நீ மாடிப்படியில் நின்று போனில் பேசியது என் காதில் விழுந்தது. "உங்கப்பாவுக்கே அசிங்கமா கீதுன்னா நான் இன்னா பண்றது பவி? நாளைக்கு நம்ம புள்ளைக்கும் வேற ஊர் பேருதான் சொல்லித் தருவாரா?" பிறகு "ஹலோ, ஹலோ" என்றாய். மறுமுனையில் அவள் பேசவில்லை. பேசியிருந்தால் அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு சொல் சொன்னால் அவள் அப்பாவின் மானம் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அவள் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண் என் குற்றத்தைத் தன் வாய்க்குள் அடக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறதே என்று அந்தப் படிக்கட்டின் அடியில் நின்று நினைத்தேன்.

நேற்றுக் காலை கொடுங்கையூர் போனேன். இத்தனை வயதில் அதுதான் முதல் தடவை. ஒரு தெரு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிள்கள், இட்லி வாங்க நிற்கிறவர்கள். புகை வாசனையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நம் தெருவில் உர ஆலையின் அமோனியா வாசனை இருப்பது மாதிரி. ஆட்டோ நிற்கும் இடத்தில் பவித்ராவின் அப்பா என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இவ்ளோ தூரம்? எங்க போவணும், ஏறுங்க" என்றார்.

"உங்களத்தாண்ணா பாக்க வந்தேன். நான்தான் போடச் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லப் போறேன்."

அவர் பதறிவிட்டார். "வுடுங்கம்மா. சொன்னா புள்ள உங்கள எப்டிப் பாப்பான்? மொதல்ல கண்ணாலம் முடியட்டும்."

"முடிஞ்சிட்டா நான் சொல்ல மாட்டேண்ணா. எனக்கு என்னப் பத்தித் தெரியும்."

 நான் அதோடு நிறுத்தாமல், "மண்டபத்து வாசல் பேனர்ல கொடுங்கையூர்னு பெருசா போட்டுடலாமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க, மறுபடியும் நீங்களே முடிவு பண்றீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "பேரு எங்க எப்டிப் போட்டாலும் வூடு அங்கியேதான் கீது. அதுக்கெல்லாம் எனக்கு வருத்தம் இல்லம்மா. பையன்தான், முன்ன மாதிரி என்னாண்ட பேசறதில்ல. அது ஒண்ணுதான் கொஞ்சம்" என்று சொல்லி, முடிக்காமல் விட்டார். அதற்குள் இரண்டு பேர் வந்து ஏறிக்கொண்டார்கள். அவர் வண்டிக்கு வெளியே தலையை நீட்டிக் கூவத் தொடங்கினார்.

தம்பி, உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற ஒரே புத்தி இதுதான். பவித்ராவிடம் தப்பு செய்வாய். எல்லாரும் செய்கிறோம். செய்ததும் அதைச் சரிக்கட்ட ஓடாதே. செய்தேன் என்று முதலில் சொல். சொல்லாமல் சரிக்கட்டப் போனால், உன் வெட்கத்தை அவள்தான் சுமப்பாள். பாதி மனசு கொடுங்கையூரிலும் பாதி நம் வீட்டிலுமாக அவள் நடந்துகொண்டிருப்பாள், நீ அவளைப் பார்த்து ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்பாய்.

இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் தனியாகப் போவதென்றால் போங்கள், காரணம் வேலை என்று ஊருக்குப் பொய் சொல்ல வேண்டாம். பவித்ரா இந்த வீட்டுக்குள் வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவளுக்குத் தோன்றினால் வரட்டும். எனக்கு நீ போன் செய்ய வேண்டாம், இன்றைக்கு வேண்டாம். மத்தியானம் அவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் ஒன்று இருக்கும். அப்போது அவருக்குச் செய். என்ன பேசுவது என்று ரொம்ப யோசிக்காதே. சாப்ட்டீங்களா மாமா என்று கேள், போதும்.